கூடாரத்துக்குள் ஒரு பூமத்திய ரேகை

கேமரன் மலைக்கு இரவில் ஏறிப் போகிறவர்கள் பார்த்திருப்பார்கள். சரிவு முழுக்க பிளாஸ்டிக் கூரை போட்ட தோட்டங்கள். அதில் பாதி, நடுராத்திரியிலும் விளக்கு எரிந்துகொண்டிருக்கும். தூரத்திலிருந்து பார்த்தால் ஏதோ திருவிழா மாதிரி. உள்ளே இருப்பது செவ்வந்தி. அந்தச் செடிக்கு ராத்திரி நீளமாக இருந்தால் போதும், பூக்கத் தொடங்கிவிடும். நம் ஊரில் ராத்திரி வருடம் முழுவதும் கிட்டத்தட்ட பன்னிரண்டு மணி நேரம். அப்படியே விட்டால் முழங்கால் உயரம்கூட வளராமல் மொட்டு வைத்துவிடும். குட்டைக் காம்புப் பூவைச் சந்தையில் யார் வாங்குவார்? அதனால் ராத்திரியை விளக்கால் உடைக்கிறார்கள். காம்பு போதுமான அளவு நீண்டதும் ஒருநாள் விளக்கை நிறுத்துகிறார்கள். செடி "சரி, காலம் வந்துவிட்டது" என்று நம்பிப் பூக்கிறது.

இதே தந்திரம், தலைகீழாக, வேறொரு செடிக்காக ஆம்ஸ்டர்டாமிலும் ஓரகனிலும் பர்மிங்ஹாமிலும் வீடுகளின் உள்ளறைகளில் நடக்கிறது. ஒரு அலமாரி அளவுக்குத் துணிக் கூடாரம். ஜிப் வைத்த கதவு. உள்புறம் கண்ணாடிபோல ஒளியைத் திருப்பும் வெள்ளித்தாள். மேலே விளக்கு, ஓரத்தில் காற்றாடி. செடி வளரும் வாரங்களில் தினமும் பதினெட்டு மணி நேரம் வெளிச்சம். பிறகு ஒருநாள் டைமரைத் திருகி வெளிச்சம் பன்னிரண்டு, இருட்டு பன்னிரண்டு என்று மாற்றிவிடுவார்கள். அடுத்த இரண்டு மூன்று வாரத்தில் செடி தன் உயரத்தை இரட்டிப்பாக்கிக்கொண்டு பூக்கத் தொடங்கும். கஞ்சா.

அந்தக் கூடாரத்தின் வரலாறுதான் இந்தக் கட்டுரை. நம் நாடுகளில் அந்தச் சொல்லை அச்சில் பார்த்தாலே அடுத்து வருவது ஒன்று போலீஸ் செய்தி, இல்லாவிட்டால் பள்ளி மண்டபத்து அறிவுரை. இரண்டுக்கும் வெளியே நின்று, ஒரு செடியும் அதன் ராத்திரியும் எப்படி ஒரு பெட்டிக்குள் போய்ச் சேர்ந்தன என்று பார்க்கலாம். செடியை வளர்த்துப் பார்க்கச் சொல்லும் எண்ணம் எனக்கு இல்லை. அதற்கு இங்கே என்ன விலை என்பதைக் கடைசியில் பேசத்தான் போகிறேன்.

செடிகள் இருட்டை அளக்கின்றன என்பதை மனிதன் முதலில் கண்டுகொண்டதே கஞ்சாவை வைத்துத்தான். இது பலருக்கும் தெரியாது. பாரிசில் ஜூலியன் தூர்னுவா என்று ஓர் இளம் தாவரவியலாளர். ஜப்பானிய ஹாப்ஸ் கொடியையும் சணல் இனமான கஞ்சாவையும் கண்ணாடி வீட்டில் குளிர்காலத்தில் விதைத்துப் பார்த்தார். கோடையில் ஆளுயரம் வளர்ந்த பிறகே பூக்க வேண்டிய செடிகள், முளைத்துச் சில இலை விட்டதுமே பூத்து நின்றன. வெப்பமா, ஈரமா, ஒளியின் வலிமையா என்று ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்து, தினமும் கிடைக்கும் வெளிச்ச நேரம்தான் காரணம் என்று 1912இல் எழுதினார். 1914இல் இன்னும் ஒரு படி மேலே போனார். பகல் குறைவதைவிட ராத்திரி நீள்வதே செடியைப் பூக்க வைக்கிறது என்றார். அதே வருடம் போர் வந்தது. தூர்னுவா போரில் செத்துப்போனார். அவர் சொன்னது சரி என்று உலகம் ஒப்புக்கொள்ள இன்னும் கால் நூற்றாண்டு ஆயிற்று.

நடுவில் புகழ் அமெரிக்கர்களுக்குப் போனது. அவர்கள் தகுதியில்லாதவர்கள் என்று சொல்ல முடியாது. வாஷிங்டனுக்குப் பக்கத்தில் ஆர்லிங்டன் பண்ணையில் கார்னர், அலார்ட் என்ற இரண்டு அரசு ஊழியர்கள். அவர்களிடம் மேரிலண்ட் மாமத் என்று ஒரு புகையிலை ரகம். மூன்று மீட்டருக்கு மேல் வளரும், இலை இலையாகக் குவிக்கும், ஆனால் வயலில் பூக்கவே பூக்காது. பூக்காவிட்டால் விதை ஏது? குளிர்காலத்தில் கண்ணாடி வீட்டில் வைத்தால் மட்டும் சின்னச் செடியாகவே பூத்துவிடும். 1918 கோடையில் நாய்க்கூண்டு மாதிரி ஓர் இருட்டுக் கொட்டகை கட்டினார்கள். பிற்பகல் நான்கு மணிக்குச் செடியை உள்ளே தள்ளுவது, மறுநாள் காலை ஒன்பது மணிக்கு வெளியே எடுப்பது. புகையிலை பூத்தது. 1920இல் ஆய்வு வெளிவந்தது. இன்றைய கூடாரத்தின் பாட்டன் அந்தக் கொட்டகைதான். ஒரே ஒரு வித்தியாசம், அது சூரியனை மறைக்கக் கட்டியது. கூடாரத்தில் சூரியனே இல்லை.

1938இல் ஹாம்னர், பானர் இருவரும் மருளூமத்தையை வைத்துச் சோதித்தபோதுதான் தூர்னுவா ஜெயித்தார். நம் ஊர்களில் ஆட்டு ரோமத்தில் ஒட்டிக்கொண்டு வரும் அதே முள்காய்ச் செடி. நீண்ட ராத்திரியின் நடுவில் கொஞ்ச நேரம் விளக்கைப் போட்டு அணைத்தாலே போதும், பூக்கும் வேலை நின்றுவிடுகிறது. பகலின் நடுவில் இருட்டை நுழைத்தால் செடி கண்டுகொள்வதில்லை. ஆக, எண்ணுவது ராத்திரியைத்தான். அதை எண்ணுகிற நிறமி இலைக்குள் இருக்கிறது, சிவப்பு ஒளியில் ஒரு வடிவம், அதற்கு அப்பால் இருக்கிற தூரச்சிவப்பில் இன்னொரு வடிவம் என்று மாறிக்கொண்டிருக்கிறது என்பதெல்லாம் 1950களில் மேரிலண்டின் பெல்ட்ஸ்வில் ஆய்வுக்கூடத்தில் தெளிவானது. கேமரன் மலை செவ்வந்திக்காரர் நடுராத்திரியில் விளக்கைப் போடும்போது பயன்படுத்துவது அந்த அறிவைத்தான். கூடாரத்துக்காரர் இருட்டு நேரத்தில் ஜிப்பைத் திறக்கப் பயப்படுவதும் அதனால்தான்.

இதில் எனக்கு வேடிக்கையாகத் தோன்றுவது ஒன்று உண்டு. சிங்கப்பூர் பூமத்திய ரேகைக்கு ஒன்றரை டிகிரிகூட வடக்கே இல்லை. அங்கே வருடத்தின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் ஒன்பது நிமிடம் அளவுதான். கோலாலம்பூரில் இருபது நிமிடம் சொச்சம். ஆம்ஸ்டர்டாமில் கோடைப் பகல் பதினேழு மணி நேரத்தைத் தொடும், குளிர்காலத்தில் எட்டு மணி நேரம்கூட இருக்காது. அங்கே ஒரு வாடகை அறையில் டைமரைப் பன்னிரண்டுக்குத் திருகுகிறவர் என்ன செய்கிறார்? தன் கூடாரத்தை நம் ஊருக்கு நகர்த்துகிறார். வெப்பம் இருபத்தைந்து டிகிரி, காலை ஏழுக்கு விடிந்து மாலை ஏழுக்கு இருட்டுகிற வானம். அந்தச் செடியை வைத்திருந்தால் உயிர் போகக்கூடிய ஓர் ஊரின் பகலை, காசு கொடுத்து மின்சாரத்தில் செய்துகொள்கிறார்.

கூடாரம் புதிது. அதற்குள் நடக்கிற வேலை பழசு. வங்கத்தில் ராஜ்ஷாஹி மாவட்டத்து நவகாவ் பகுதியை ஆங்கில அரசு 'கஞ்சா மஹால்' என்றே அழைத்தது. அரசு அனுமதி பெற்ற விவசாயிகள் மட்டும் பயிரிடலாம், விளைச்சல் முழுவதும் அரசின் கிடங்குக்குப் போக வேண்டும், அங்கிருந்து வரி கட்டி வெளியே வரும். ஆகஸ்டில் நாற்றங்கால், செப்டம்பரில் நடவு. பகல் குறையக் குறைய, கூடாரத்தில் டைமர் செய்கிற வேலையை அங்கே பருவம் செய்யும். அடிக்கிளைகளைக் கழித்துவிடுவார்கள், சத்து மேலே போகட்டும் என்று. இன்றைய கூடாரக்காரர்களும் அதையே செய்கிறார்கள், தாங்கள் கண்டுபிடித்ததுபோல.

அடுத்து வருகிறவர்தான் எனக்கு முக்கியமானவர். போத்தார் என்று பெயர், பரக்தார் என்றும் சொல்வார்கள். ஆங்கில அதிகாரிகள் 'கஞ்சா டாக்டர்' என்று எழுதிவைத்தார்கள். கஞ்சாவில் ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. ஆணின் மகரந்தம் பட்டால் பெண் பூ விதை கட்டிவிடும். விதை கட்டினால் பிசின் குறையும், சரக்கு தேறாது. எனவே பூ விரிவதற்கு முன்பே, இலை காம்போடு சேரும் கணுவில் தலைகாட்டும் துளியூண்டு மொட்டைப் பார்த்து எது ஆண் என்று கண்டுபிடித்து அழிக்க வேண்டும். போத்தார் வரிசை வரிசையாக நடப்பார். ஆண் செடியைக் கண்டால் ஒடித்துப்போட்டுக்கொண்டே போவார். பின்னால் வருகிற விவசாயி அதைப் பிடுங்கி எறிவார். ஒரு தடவை போதாது, பல தடவை நடக்க வேண்டும். ஒரு செடி தப்பினாலும் பக்கத்து வயலெல்லாம் கெட்டுவிடும் என்பதால் ஊரே சேர்ந்து அவரை அமர்த்தும். 1877இல் ஹேம் சந்தர் கெர் எழுதிய அறிக்கையிலும் 1893இல் டேவிட் பிரெய்ன் எழுதியதிலும் இந்தப் பயிர்முறை விரிவாக வருகிறது. கலிபோர்னியாவில் 1970களில் விதையில்லாக் கஞ்சா என்று ஒரு ஸ்பானியப் பெயரில் புதுமையாகப் பேசப்பட்டது, நவகாவ் வயலில் போத்தார் கூலிக்குச் செய்துகொண்டிருந்த வேலை.

1893இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் மதுவிலக்குக்காரரான கெயின் கேள்வி எழுப்ப, இந்திய சணல் மருந்துகள் ஆணையம் அமைந்தது. ஏழு உறுப்பினர்கள், அதில் மூன்று பேர் இந்தியர்கள். 1,193 சாட்சிகள். ஏழு தொகுதிகளில் மூவாயிரம் பக்கத்துக்கு மேல் அறிக்கை. பைத்தியக்கார ஆஸ்பத்திரிகளில் 'கஞ்சாவால் வந்த பைத்தியம்' என்று எழுதப்பட்டிருந்த பதிவுகளை ஒவ்வொன்றாகத் தோண்டிப் பார்த்து, பெரும்பாலானவை போலீஸ்காரரோ குமாஸ்தாவோ காரணம் தெரியாமல் நிரப்பிய கட்டங்கள் என்று கண்டது. மிதமான பயன்பாட்டால் பெரிய தீங்கு இல்லை, தடை வேண்டாம், வரி போதும் என்று முடித்தது. இரண்டு இந்திய உறுப்பினர்கள் மாறுபட்டு எழுதினார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். வெள்ளைக்காரன் தடுத்தான், நம்மவர் வேண்டுமென்றார் என்ற எளிய கதை இங்கே பொருந்தாது. வருமானம் போய்விடுமே என்ற அரசாங்கக் கவலையையும் மறந்துவிடக் கூடாது. அந்த அறிக்கையில் தமிழ்நாடும் வருகிறது, ஜவ்வாது மலையில் பயிரிட்ட மலையாளி பழங்குடிகள் வழியாக. சித்த மருத்துவத்தில் கோரக்கர் மூலி என்று பெயர் வாங்கிய செடிக்கு அது புது இடமில்லை.

நம் பக்கமும் சும்மா இருக்கவில்லை. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சிங்கப்பூரிலும் பினாங்கிலும் அபின், சாராயம், சூதாட்டம் ஆகியவற்றோடு 'கள்ளும் பங்கும்' விற்கும் உரிமையையும் அரசு ஏலம் விட்டது. பங்கு என்பது கஞ்சா இலை. சீனர்களுக்கு அபின், இந்தியர்களுக்குக் கள்ளும் பங்கும் என்று இனம் பார்த்துப் போதை விற்று, அந்தக் காசில் காலனிய நிர்வாகம் நடந்தது. மலாயில் 'கஞ்சா' என்ற சொல்லே இந்தியாவிலிருந்து கப்பலேறி வந்ததுதான்.

1925இல் ஜெனீவா மாநாட்டில் எகிப்து அழுத்தம் கொடுக்க, கஞ்சாவும் அபினோடு சேர்ந்து சர்வதேசப் பட்டியலில் ஏறியது. 1961 ஒற்றை உடன்படிக்கை அதை இறுக்கியது. அந்த உடன்படிக்கையின் வரையறையைப் படித்தால் ஒரு தாவரவியல் நுணுக்கம் தெரியும். கஞ்சா என்றால் செடியின் பூக்கும் அல்லது காய்க்கும் நுனி. நுனியோடு சேராத இலையும் விதையும் கணக்கில் இல்லை. இந்தியாவின் 1985 சட்டமும் இதையே பின்பற்றியது. அதனால்தான் வட இந்தியாவில் சில ஊர்களில் அரசு அனுமதி பெற்ற பாங்குக் கடை இன்றும் இருக்கிறது, பூவை வைத்திருந்தால் சிறை. இலை பண்டம், பூ குற்றம். நவகாவில் 1917இல் கஞ்சா விவசாயிகள் கூட்டுறவுச் சங்கமே தொடங்கி, அதன் லாபத்தில் பள்ளிக்கூடமும் மருந்தகமும் நடத்தினார்கள். 1980களின் இறுதியில் வங்கதேசம் பயிரை நிறுத்தியது. போத்தாரின் கண்ணுக்கு அதன்பின் வேலையில்லை.

செடி வீட்டுக்குள் போனதற்குக் காரணம் ஹெலிகாப்டர். 1970களில் அமெரிக்க உதவியோடு மெக்சிகோ, கஞ்சா வயல்கள்மேல் பாராகுவாட் தெளித்தது. நம் எஸ்டேட்டுகளில் முதுகில் டேங்கைச் சுமந்து பெண்கள் அடித்த அதே களைக்கொல்லி. அதன் வாடையும் நகம் கழன்ற கதையும் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. விஷம் தெளித்த சரக்கு வேண்டாம் என்று அமெரிக்கர்கள் உள்ளூரிலேயே வளர்க்கத் தொடங்கினார்கள். 1983 முதல் கலிபோர்னியா மலைகள்மேல் ஹெலிகாப்டர்கள் வட்டமடிக்கத் தொடங்கின. வானத்திலிருந்து தப்ப ஒரே வழி கூரை. தெருவிளக்குக்காகச் செய்த சோடியம் விளக்கு, நம் நெடுஞ்சாலைகளில் மஞ்சளாக வழிந்துகொண்டிருந்ததே, அது நிலவறைக்குள் சூரியனானது. 1989 அக்டோபரில் அமெரிக்க அரசு விளக்கும் தோட்டச் சாமானும் விற்ற கடைகளைப் பல மாநிலங்களில் ஒரே நாளில் சோதனையிட்டது. வளர்ப்பு நிற்கவில்லை. இன்னும் சின்ன அறைகளுக்குள் போனது. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் மடித்து எடுத்துப்போகிற துணிக் கூடாரம் சந்தைக்கு வந்தபோது, தனி அறைகூடத் தேவையில்லாமல் போயிற்று.

ஆனால் ஒரு சிக்கல். கேரளத்துச் செடியோ தாய்லாந்துச் செடியோ கூடாரத்துக்குள் அடங்காது. பூமத்திய ரேகைப் பக்கத்துச் செடிக்கு அவசரமே கிடையாது. பனி வந்து கொன்றுவிடும் என்ற பயம் அதன் விதையில் இல்லை. பூக்கத் தொடங்கிய பிறகும் உயர்ந்துகொண்டே போகும், முற்றுவதற்கு மூன்று மாதத்துக்கு மேல் எடுக்கும். இரண்டு மீட்டர் கூடாரத்தில் விளக்கில் தலை இடித்துக் கருகும். ஆப்கானிஸ்தான் மலைச் செடி குட்டை, அகலம், இரண்டு மாதத்தில் தயார். எனவே 1970களில் கலிபோர்னியாவிலும் 80களில் ஹாலந்திலும் நடந்ததெல்லாம் கலப்புக் கல்யாணம். நெட்டைக்கும் குட்டைக்கும். 1984இல் ஹாலந்தில் விதை வங்கி தொடங்கிய நெவில் ஸ்கூன்மேக்கர்ஸ் தபாலில் உலகம் முழுக்க இந்தக் கலப்பு விதைகளை அனுப்பினார். ஹேஸ் என்ற புகழ்பெற்ற நெட்டை ரகத்தில் தென்னிந்திய விதையும் சேர்ந்திருப்பதாக வளர்ப்பவர்கள் சொல்வார்கள்.

அப்படியும் பெரிய செடியைப் பெட்டிக்குள் வைத்துப் பூக்க விட ஆசைப்படுகிறவர்கள் என்ன செய்கிறார்கள் என்று பார்த்தால், எனக்குத் தேயிலை ஞாபகம்தான் வருகிறது. நடுக்குருத்தைக் கிள்ளுகிறார்கள். பக்கக் கிளைகளை வளைத்துக் கட்டுகிறார்கள். இடுப்பளவில் ஒரு வலையை விரித்து, மேலே வரும் ஒவ்வொரு தளிரையும் கண்ணிக்கடியில் பக்கவாட்டில் தள்ளுகிறார்கள். ஒரே உயரத்தில், விளக்குக்குக் கீழே பாய் விரித்தமாதிரி பச்சை. தேயிலை என்பது விட்டால் பத்து மீட்டருக்கு மேல் போகிற மரம். அதைக் கவாத்து வெட்டி வெட்டி, கொழுந்து பறிக்கிற பெண்ணின் இடுப்பு உயரத்துக்குச் சமமாக்கி வைத்தவர்கள் நம் ஆட்கள். மலையில் நாம் பார்த்து ரசிக்கிற அந்தப் பச்சைக் கம்பளம் ஒரு மரத்தின் பல்லாண்டு ஊனம். கூடாரக்காரர் வலைக்கு ஆங்கிலத்தில் பெரிய பெயர் வைத்திருக்கிறார். எங்கள் பாட்டிமார் அதைப் பெயரில்லாமல் செய்தார்கள்.

அடுத்த தொல்லை ஈரம். ஆப்கான் பூ கல் மாதிரி இறுகியிருக்கும், அதுவே அதற்கு மதிப்பு. ஆனால் பெரிய செடி நிறைய நீரை இலைவழி விடும். மூடிய பெட்டியில் அந்த ஈரம் போக இடமில்லாமல் பூவின் நடுத்தண்டில் சாம்பல் பூஞ்சை பிடிக்கும். வெளியே அழகாக இருக்கும், பிரித்தால் உள்ளே அழுகல். மழைநாட்டுச் செடியின் பூ காற்றாட, மெலிந்து இருப்பது ஏன் என்பதற்கு விடை இதில் இருக்கிறது. நம் பகலைக் கடன் வாங்கியவர்கள் நம் காற்றின் ஈரத்தை மட்டும் வேண்டாம் என்று இயந்திரம் வைத்து உறிஞ்சுகிறார்கள்.

இத்தனைக்கும் மின்சாரம் வேண்டும். 2012இல் இவான் மில்ஸ் என்ற ஆய்வாளர் அமெரிக்காவின் மொத்த மின் பயன்பாட்டில் ஏறக்குறைய ஒரு விழுக்காடு உள்ளறைக் கஞ்சாவுக்குப் போகிறது என்று கணக்கிட்டார். 2021இல் கொலராடோ ஆய்வாளர்கள், ஒரு கிலோ உலர்ந்த பூவுக்கு இடத்தைப் பொறுத்து ஏறத்தாழ 2,300இலிருந்து 5,200 கிலோ வரை கரியமில வாயுவுக்குச் சமமான வெளியேற்றம் என்றார்கள். சூரியன் சும்மா தருகிற ஒன்றுக்கு! தடை ஒரு செடியை நிலவறைக்குத் துரத்தியது, தடை போன பிறகும் அது வெளியே வரவில்லை. சரக்கு ஒரே சீராக இருக்க வேண்டும் என்று கம்பெனிகளும் கூரைக்கடியிலேயே வைத்துக்கொண்டன.

மின்சாரம் வெப்பமாகும், வெப்பம் காட்டிக்கொடுக்கும். 1992 ஜனவரியில் ஓரகனில் டேனி கைலோ என்பவரின் வீட்டை, அதிகாரிகள் தெருவில் காருக்குள் உட்கார்ந்தபடி வெப்பப் படக்கருவியால் பார்த்தார்கள். கூரையும் ஒரு சுவரும் அக்கம்பக்கத்தைவிடச் சூடாகத் தெரிந்தன. அதை வைத்து வாரண்ட் வாங்கி உள்ளே போனால் நூற்றுக்கும் மேற்பட்ட செடிகள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2001இல் ஐந்துக்கு நான்கு என்று தீர்ப்பு. வாரண்ட் இல்லாமல் வீட்டின் வெப்பத்தைப் பார்ப்பதும் சோதனையே, செல்லாது. தீர்ப்பை எழுதியவர் தாராளவாதி இல்லை, பழமைவாத நீதிபதி ஸ்காலியா. வீட்டுக்குள் நடப்பது எல்லாமே அந்தரங்கம், அங்கே சின்ன விஷயம் பெரிய விஷயம் என்று கிடையாது என்பது அவர் வாதம். கஞ்சா கேஸில் பிறந்த அந்த உரிமை இன்று கேமராவும் டிரோனும் பற்றிய வழக்குகளில் வந்து நிற்கிறது.

கூடாரம், நிலவறை என்று பேசும்போது எல்லாரும் சொந்த ஆசைக்கு வளர்ப்பவரையே நினைக்கிறோம். பிரிட்டனில் வேறு தோட்டக்காரர்கள் இருந்தார்கள். வியட்நாமிலிருந்து கடனில் கடத்திக் கொண்டுவரப்பட்ட பையன்கள். ஜன்னல்களை மூடி அடைத்த வாடகை வீட்டில், மீட்டரைத் தாண்டி இழுத்த மின்கம்பிகளுக்கு நடுவில், வெளியே பூட்டிய கதவுக்குப் பின்னால் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு, அந்தச் செடியின் பன்னிரண்டு மணி நேர ராத்திரியைத் தாங்களும் வாழ்ந்தவர்கள். போலீஸ் கதவை உடைத்தபோது கைதானவர்கள் இவர்கள். வீட்டை நடத்தியவன் அங்கே இருக்கமாட்டான். 2013இல் இப்படித் தண்டனை பெற்ற மூன்று வியட்நாமியச் சிறுவர்களின் தீர்ப்பை மேல்முறையீட்டு நீதிமன்றம் ரத்து செய்தது. கடத்தப்பட்டவர்களைக் குற்றவாளியாக நடத்தக் கூடாது என்றது. 2015இல் அது நவீன அடிமைத்தனச் சட்டத்தில் ஒரு பிரிவாகவே ஏறியது. முன்பணம், கடன், கண்ணுக்குத் தெரியாத முதலாளி, கைக்குக் கிடைத்த கூலி. கங்காணி காலத்துக் கதை கேட்டு வளர்ந்த நமக்கு இதன் இலக்கணம் புதிதில்லை.

நவகாவில் ஊர் கூடி அழைத்து வந்த போத்தாரையும் பூட்டிய வீட்டுப் பையனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். செடி ஒன்றுதான். வேலையும் பெரிதாக மாறவில்லை.

கனடா 2018 அக்டோபரில் கஞ்சாவைச் சட்டபூர்வமாக்கியபோது வீட்டுக்கு நான்கு செடி என்றது. மசோதாவில் முதலில் ஒரு செடி 100 சென்டிமீட்டருக்குமேல் வளரக்கூடாது என்று இருந்தது. போலீஸ்காரர் அளவுகோலோடு வீடு வீடாகப் போவாரா என்று கேலி எழுந்து, நாடாளுமன்றக் குழுவிலேயே அதை நீக்கிவிட்டார்கள். உயரத் தடை இல்லாத நான்கு செடி. நன்றாக வளர்த்த ஒரு பெரிய செடி அரைக் கிலோ உலர்ந்த பூ தருவது அங்கே யாரும் வியக்கிற செய்தி இல்லை.

சிங்கப்பூர்ச் சட்டத்தில் 500 கிராமுக்கு மேல் கஞ்சா கடத்தினால் மரண தண்டனை. மலேசியாவில் 200 கிராம் இருந்தாலே கடத்தல்காரன் என்று சட்டம் அனுமானித்துக்கொள்ளும். 2023இல் மலேசியா கட்டாய மரண தண்டனையை நீக்கி, முடிவை நீதிபதியிடம் விட்டது. அதே 2023 ஏப்ரல் 26ஆம் தேதி காலை சாங்கி சிறையில் தங்கராஜு சுப்பையா தூக்கிலிடப்பட்டார். வயது 46. 1,017.9 கிராம் கஞ்சா கடத்த உடந்தை என்பது குற்றச்சாட்டு. அவர் கையில் கஞ்சா பிடிபடவில்லை. இரண்டு தொலைபேசி எண்கள் வழியாக அவர்தான் அதை ஒருங்கிணைத்தார் என்று நீதிமன்றம் முடிவு செய்தது. அவர் கடைசிவரை மறுத்தார். தசமப் புள்ளிக்குப் பின்னால் ஒன்பது வரை நிறுத்த அந்தப் பூவை, ஏதோ ஒரு நிலத்தில் ஏதோ ஓர் இருட்டில் இரண்டு பெரிய செடிகள் பூத்திருக்கக்கூடும்.

தாய்லாந்து 2022 ஜூன் 9ஆம் தேதி கஞ்சாவைப் போதைப்பொருள் பட்டியலிலிருந்து எடுத்தது. மூன்று வருடம் கழித்து, 2025 ஜூனில், மருத்துவர் சீட்டு இல்லாமல் பூவை விற்கக் கூடாது என்று திரும்ப இறுக்கியது. அந்த நடுக்காலத்தில் ஹாட்யாய்க்குப் பஸ் ஏறிப் போனவர்கள் 7-லெவன் கடைக்கு இரண்டு கடை தள்ளிப் பச்சை நியான் இலை எரிவதைப் பார்த்திருப்பார்கள். சிங்கப்பூர்க் குடிமகன் அங்கே புகைத்துவிட்டு வந்தாலும் திரும்பிய பிறகு வழக்கு உண்டு. எல்லைக்கு இரு பக்கமும் சூரியன் ஏறக்குறைய ஒரே நேரத்தில்தான் மறைகிறது. அங்கே கண்ணாடி ஜாடிகளில் வைத்து விற்றதில் பெரும்பகுதி, குளிரூட்டிய அறையில், விளக்குக்கு அடியில் பூத்தது.